புது முனையில் அரம்

ரான்னி,
18 ஜனவரி 1987

என் ஏலிக்குட்டிக்கு,

பாப்பச்சன் நேற்று குவைத்திலிருந்து வந்து இறங்கினான். நீ கொடுத்துவிட்ட பெட்டியை நம் மேசைமேல் வைத்தவன், கப்பக்கிழங்கும் மத்தி மீன் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகுதான் அதிலிருந்து கையை எடுத்தான். சோசம்மா அக்காவுக்குச் சேலை, ஜிஜிக்கு ஃபிராக், அவளுக்காக நீ பேசி அனுப்பிய கேசட், எல்லாம் பத்திரமாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், துவாலையில் சுற்றி, அது!

ஏலி, ஈயம் பற்றவைக்க இப்படி ஒரு சால்டரிங் அயர்னை நான் கண்ணால் பார்த்ததில்லை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு. எவ்வளவு நேரம் பிடித்தாலும் கைப்பிடி சுடவில்லை. முனை வெள்ளியாக மின்னுகிறது. என் பழையதுதான் உனக்குத் தெரியுமே. மழைக்காலத்தில் தொட்டால் ஷாக் அடிக்கும், மற்ற நாளில் பாதி வேலையில் குளிர்ந்து தூங்கிவிடும். மைக்செட் தங்கப்பன் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வந்திருந்தான். "இந்தா, இனி இது உனக்கு" என்று நாலு பேர் பார்க்கப் பழையதை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை நெற்றியில் குருசு வரைந்து ஜெபித்துவிட்டுப் புதியதைக் கையில் எடுத்தேன். வழக்கம்போல முனையை அரத்தால் நன்றாக ராவிச் சுத்தம் செய்தேன். பல் தேய்ப்பதும் முனை தேய்ப்பதும் எனக்கு ஒன்றுதானே. வெள்ளிப்பூச்சு போய் உள்ளே செம்பு தெரிந்தது. "வெளிநாட்டுக்காரன் பவுடர் பூசி அனுப்பியிருக்கான்டா" என்றேன். தங்கப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் வேலை நம் வீட்டு டேப் ரிக்கார்டர். கொஞ்ச நாளாக அதில் ஒரு இரைச்சல். உன் குரலை ஜிஜி அந்த இரைச்சலோடு கேட்க வேண்டாம் என்று கழற்றிவிட்டேன். அயர்னை வைத்ததும் பழைய ஈயம் உருகி வயர் தானாகக் கையோடு வந்தது. நாளைக்குச் சேர்த்துவிடுவேன். அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்போம்.

கோசி முதலாளி சொன்னதை எழுதியிருந்தேன் அல்லவா? அவர் கடையில் விற்கும் கலர் டிவி ரிப்பேர் எல்லாம் இனி எனக்கு. ஈஸ்டருக்குள் கைவேலையைக் காட்டினால் போதும். அப்புறம் மே மாதம் உன் கான்டிராக்ட் முடியும்போது நீ மறுபடி கையெழுத்துப் போட வேண்டாம். வந்துவிடு. ஜூனில் ஜிஜியைப் பள்ளியில் சேர்க்க நீயே கூட்டிக்கொண்டு போ. விருந்தாளி வந்தால் இப்போதும் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டித்தான் "இது என் மம்மி" என்கிறாள்.

உன்,
மாத்துக்குட்டி


குவைத்,
2 பிப்ரவரி 1987

அன்பு இச்சாயனுக்கு,

கடிதத்தை டியூட்டிக்கு உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். "ஏலிக்கு என்ன, தனியா சிரிக்கிறா?" என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் சுவர்ப் படத்தைப் பற்றிய வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஃபஹாஹீல் கடைத்தெருவில் ஒரு பாகிஸ்தான்காரர் கடையில் அதை வாங்கினேன். "யாருக்கும்மா?" என்றார். "என் வீட்டுக்காரருக்கு. அவர் ரேடியோ டாக்டர்" என்றேன். அவரும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டி, உள்ளே போய் நல்லதாக எடுத்துவந்தார்.

இச்சாயா, முனையில் அரம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு வைத்தீர்கள்? இப்போது ஈயம் ஒட்டுகிறதா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏதாவது ஆகியிருந்தாலும் எழுதுங்கள். இங்கே எல்லாம் கிடைக்கும்.

கேசட்டை ஜிஜி கேட்டாளா? அதில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு வேலையும் சொல்லியிருக்கிறேன். என்ன செய்தாள் என்று எழுதுங்கள்.

மார்ச் முடிவதற்குள் கான்டிராக்ட் பற்றி மேட்ரனிடம் பதில் சொல்ல வேண்டும். நான் இல்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்களாம். குறைமாதக் குழந்தைகள் வார்டின் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பயல் இன்றைக்கு என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான்.

ஏலி


ரான்னி,
14 பிப்ரவரி 1987

ஏலிக்கு,

ஈயம் ஒட்டுகிறதா என்று கேட்கிறாய். தேனாக ஒட்டுகிறது! நீ வாங்கி அனுப்பியது ஒட்டாமல் போகுமா? அரம் எல்லாம் சும்மா ஒரு தடவல்தான். அதற்குப் போய்க் கவலைப்படாதே.

ஜிஜி கேசட்டைக் கேட்டாள். குதியோ குதியென்று குதித்தாள். உன் கேள்விக்கு வெட்கப்பட்டுக்கொண்டு பதில் சொல்லவில்லை. நீ சொன்ன வேலையைச் செய்துவிட்டாள்.

மிளகு பறித்து முற்றத்தில் காய்கிறது. சோசம்மா அக்காவுக்கு முழங்கால் வலி. சேலை பிடித்திருக்கிறதாம், ஆனால் கரை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்திருக்கலாமாம். வேறு விசேஷம் இல்லை.

மாத்துக்குட்டி


குவைத்,
1 மார்ச் 1987

இச்சாயனுக்கு,

வெட்கப்பட்டாளா? நம் ஜிஜியா? நான் கிளம்பும்போது ஏர்போர்ட்டில் போலீஸ்காரரிடம் "மாமா, உங்க தொப்பியைத் தாங்க" என்று கேட்டவள் அவள்.

கேசட்டை இன்னொரு தடவை போடுங்கள். மம்மி என்ன வேலை சொன்னாள் என்று அவளையே கேட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். கோசி முதலாளி என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள்.

நாள் முழுக்கக் குறைமாதக் குழந்தைகளோடு இருக்கிறவள் நான். மூச்சு சரியில்லை என்றால் முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் மூச்சு சரியில்லை.

நான் வருவதும் இருப்பதும் நீங்கள் எழுதப்போகிற அடுத்த கடிதத்தில்தான் இருக்கிறது. கோபம் இல்லை. எழுதுங்கள்.

ஏலி


ரான்னி,
12 மார்ச் 1987

ஏலி,

எல்லாம் நன்றாக இருக்கிறது. கோசி முதலாளிக்குப் பரம திருப்தி. ஜிஜிக்கு இரண்டு நாளாகச் சளி, அதனால் கேசட் போடவில்லை. வேலை என்ன என்று அவளைக் கேட்டேன், "மம்மி நல்லா படிக்கச் சொன்னாங்க" என்றாள்.

கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. அக்கா இப்போதே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறாள்.

மாத்துக்குட்டி


ரான்னி,
28 மார்ச் 1987

என் ஏலிக்கு,

இதை எழுத உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து, அக்காவே "என்னடா, மூலமா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் நேராக எழுதிவிடுகிறேன். அயர்ன் வேலை செய்யவில்லை. அந்த முதல் நாளிலிருந்தே செய்யவில்லை.

நான் அரத்தால் ராவியதே வினை. சூடு ஏறியதும் முனை கறுத்துவிட்டது. இருக்கிற ஈயத்தை உருக்கும், ஆனால் புது ஈயத்தைப் பிடிக்காது. வைத்தால் உருண்டையாகி மேசைமேல் ஓடுகிறது. கறுப்பு போகட்டும் என்று மறுநாளும் ராவினேன். அதற்கு மறுநாளும் ராவினேன். இப்போது அதில் சொத்தைப்பல்போல ஒரு குழி. அழகாக இருந்ததை நானே கொன்றேன், ஏலி.

பழையதையாவது திரும்ப வாங்கலாம் என்று தங்கப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "குவைத்து ராணி வந்த வீட்டுல கிழவிக்கு என்ன வேலை சேட்டா? அந்தப் பழசு போன வாரமே எரிஞ்சு போச்சு." சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். ஊரில் அயர்ன் விற்கிற கடை கோசி முதலாளியுடையது ஒன்றுதான். அங்கே போய் எந்த முகத்தோடு கேட்பேன்? ஒருநாள் கோட்டயத்துக்குப் போய் ஒன்று வாங்கிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். பஸ்ஸும் வந்தது. ஏறவில்லை. வேறு ஒன்றை வாங்கினால் நீ அனுப்பியது செத்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒருநாள் அது தானாகச் சரியாகிவிடும் என்று ஏதோ ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

கோசி முதலாளி சோதனைக்குக் கொடுத்த டிவி போர்டு என் மேசையிலேயே தூசி படிந்து கிடந்தது. போன வாரம் அவரே வந்தார். "வெளிநாட்டு அயர்ன் வந்துச்சுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சே. இதென்ன, ஷோ கேஸ்ல வைக்கவா?" என்று போர்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலையைக் கோழஞ்சேரியில் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாராம். பரம திருப்தி என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கை விளங்குமா?

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஜிஜி கேசட்டைக் கேட்கவே இல்லை. இரைச்சலை எடுக்கிறேன் என்று நான் கழற்றிய வயரை மறுபடி ஒட்ட முடியாமல் டேப் ரிக்கார்டர் அப்படியே வாயைப் பிளந்து கிடக்கிறது. அவள் குதித்தாள் என்று எழுதியது பொய். வெட்கப்பட்டாள் என்பதும் பொய். நல்லா படிக்கச் சொன்னாங்க என்பதும் என் பொய்தான், அந்தப் பிள்ளை வாயில் போட்டு எழுதினேன். அவள் தினமும் கேசட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "அப்பச்சா, மம்மி உள்ளே தூங்குறாங்களா?" என்று கேட்கிறாள். நான் "ஆமா மோளே, சத்தம் போடாதே" என்கிறேன். அவளும் கால் நுனியில் நடந்து கொண்டுபோய் அலமாரியில் வைக்கிறாள்.

நோம்பு காலம் அல்லவா, இன்று பாவத்தை அறிக்கையிடக் கும்பசாரத்துக்குப் போனேன். சர்ச்சில் பாதிரி அச்சனிடம் முட்டிபோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாவமன்னிப்பு கொடுப்பார், பாரம் இறங்கும் என்று நினைத்தேன். அவர், "என்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போகுது? நானா குவைத்துல இருக்கேன்? போய் அவளுக்கு எழுது, அப்புறம் வா" என்று எழுப்பி அனுப்பிவிட்டார்.

ஆகவே எழுதுகிறேன். கடையை நம்பி நீ வராதே. கையெழுத்துப் போட்டுவிடு. இந்த வரியை எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். போட்டுவிடு, ஏலி.

மாத்துக்குட்டி


குவைத்,
29 மார்ச் 1987

மாத்துக்குட்டி இச்சாயனுக்கு,

இன்று காலை மேட்ரன் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம்.

அயர்ன் கெட்டுப்போனது எனக்கு உங்கள் முதல் கடிதத்திலேயே தெரியும். அதை வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார்: "முனைமேல இருக்கிற பூச்சுதான் அதோட உயிர். அரம், உப்புத்தாள், கத்தி, எதுவும் வைக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. ஈரப் பஞ்சில துடைச்சா போதும்." நான் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. கேசட்டில் சொன்னேன். அப்பச்சனுக்கு ஒரு சேதி கொண்டுபோய்ச் சொல்வது என்றால் ஜிஜிக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று நினைத்து, அவளிடம் சொல்லியனுப்பினேன். நான் சொன்ன வேலை அதுதான். "அப்பச்சா, அரம் வைக்காதீங்க" என்று வந்து சொல்வது.

அவள் வேலையைச் செய்துவிட்டாள் என்று எழுதினீர்கள். அன்றைக்கே தெரிந்தது, கேசட் ஓடவே இல்லை என்று. அப்புறம் "நல்லா படிக்கச் சொன்னாங்க." அதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனேன். அன்றைக்கு ஊசி போடுகிற வேலையைக் கூட இருக்கும் நர்ஸ் சாலியிடம் கொடுத்துவிட்டேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த வாரமே அந்தக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, ஒரு அயர்னை எடுத்து, ஒரு திருகைத் தளர்த்தி, முனையை மட்டும் விரலால் உருவிக் காட்டினார். "இது பேனா நிப் மாதிரிம்மா. தேஞ்சா வேற போட்டுக்கலாம். இதுக்கா இவ்வளவு பயம்?" என்றார். மூன்று முனை வாங்கினேன். அன்றிலிருந்து அவை என் அலமாரியில்தான் இருக்கின்றன. "ஏலி, கெடுத்துவிட்டேன்" என்று நீங்கள் எழுதினால் அன்றே அனுப்பலாம் என்று இருந்தேன். இரண்டு கடிதத்திலும் கேட்டேன். ஏதாவது ஆகியிருந்தாலும் எழுதுங்கள், இங்கே எல்லாம் கிடைக்கும் என்று வேறு எப்படிச் சொல்வது?

ஒரு நிப் போனதைச் சொல்லமுடியாதவர், நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிறகு கடை போனால் சொல்வாரா? அதனால்தான் போட்டேன்.

முனைகளை ஈஸ்டருக்கு ஊர் வருகிற சாலியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஏலியாம்மா


குவைத்,
9 ஏப்ரல் 1987

இச்சாயா,

உங்கள் மார்ச் 28 கடிதம் இன்று கைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட்டது அதற்கு மறுநாள். என் கடிதம் உங்களுக்கு இன்னும் வந்திருக்காது, அல்லது இப்போதுதான் வந்திருக்கும். அதில் நான் கடுமையாக எழுதியிருக்கிறேன். எழுதியது பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

மீதியை இப்போது எழுதுகிறேன். எனக்கு இங்கே அச்சன் இல்லை, அதனால் உங்களிடமே.

முனையை நான் பிப்ரவரியிலேயே அனுப்பியிருக்கலாம். அரம் வைத்ததால் இப்படி ஆகியிருக்கும், இந்தாருங்கள் வேறு, என்று ஒரே வரி எழுதியிருந்தால் போதும். பாப்பச்சனுக்குப் பிறகு இங்கிருந்து ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்! கொடுக்கவில்லை. நீங்கள் சொல்லட்டும் என்று உங்களைச் சோதித்தேன். நான் சோதித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் என் பிள்ளை கேசட்டைக் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று. நீங்கள் உண்மை எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. எனக்கு நிச்சயமில்லை. இங்கே நான் சிஸ்டர் ஏலி. டாக்டர்கள் என்னைக் கேட்டுத்தான் ஒரு குழந்தையின் மூச்சு டியூபை எடுக்கிறார்கள். அங்கே வந்தால் சுவரில் இருக்கிற படத்தைக் காட்டி, "இது மம்மி, அப்போ நீங்க யாரு?" என்று ஜிஜி கேட்டுவிடுவாளோ என்று பயம். மே மாதம் நெருங்க நெருங்க அந்தப் பயம் கூடிக்கொண்டே வந்தது. உங்கள் பொய் வந்தபோது கோபம் வந்தது உண்மை. அதோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. சாக்கு கிடைத்த நிம்மதி. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கேசட்டில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

உங்கள்,
ஏலி


ரான்னி,
20 ஏப்ரல் 1987
ஈஸ்டருக்கு மறுநாள்

என் ஏலிக்குட்டிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. சாலியும் வந்தாள். முனையைக் கையில் வாங்கியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இவ்வளவு சின்னதா! இதற்காகவா வீட்டில் இத்தனை பொய் சொன்னேன்! திருகைத் தளர்த்தி, பழையதை உருவி, இதைப் போட்டேன். அரத்தைத் தங்கப்பனிடம் கொடுத்துவிட்டேன். "இதுவும் தானமா?" என்றான். "இல்லடா, தண்டனை. கொண்டு போ" என்றேன்.

ஈரப் பஞ்சில் துடைத்து ஈயத்தை வைத்தேன். உண்மையாகவே ஒட்டியது, ஏலி. தேன் என்று எழுத மாட்டேன். ஈயம் ஒட்டுவதுபோல ஒட்டியது.

நேற்று ஈஸ்டர் ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வந்து, அப்பமும் கறியும் சாப்பிட்டுவிட்டு, நானும் அக்காவும் ஜிஜியும் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்தோம். பொத்தானை ஜிஜிதான் அழுத்தினாள். "மோளே ஜிஜி" என்று நீ கூப்பிட்டதும் "என்ன மம்மி?" என்று எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் நீ அரம் வைக்கக்கூடாது என்று சொல்லியனுப்பிய இடம் வந்தது. உடனே என் பக்கம் திரும்பி விரலை ஆட்டி, "அப்பச்சா, முனையில அரம் வைக்காதீங்க. மம்மி சொல்லச் சொன்னாங்க" என்றாள். நீ கொடுத்த வேலையை அவள் செய்துவிட்டாள். இது பொய் இல்லை, அக்கா சாட்சி. "வைக்க மாட்டேன் மோளே" என்றேன்.

அப்புறம் உன் கேள்வி. "மம்மி உனக்கு ஒரு குடை வாங்கி வரேன், என்ன கலர் வேணும்?" என்று கேட்டாய். ஜிஜி கத்தினாள், "மஞ்சள்!" டேப் அதற்காக நிற்குமா? நீ பாட்டுக்கு மேலே பேசிக்கொண்டு போனாய். அவள் மறுபடி, "மம்மி, மஞ்சள், மஞ்சள்" என்றாள். அதற்குள் நீ "மே மாசம் மம்மி வந்துடுவேன், நாம ரெண்டு பேரும் அந்தக் குடையில ஸ்கூலுக்குப் போலாம்" என்று சொல்லி முடித்துவிட்டாய்.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஜிஜி என்னைப் பார்த்து, "மே மாசம் எப்போ அப்பச்சா?" என்றாள். ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, ஏலி. நான் அதைச் சொல்லவில்லை. "மே மாசம் அடுத்து வரும் மோளே. ஆனா மம்மி இந்த மே மாசம் வரல. தப்பு அப்பச்சன் மேலதான்" என்றேன். உன் பங்கையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் அச்சனிடம் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

அவள் அழவில்லை. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள். போட்டேன். அரம் வந்தது, என்னை மிரட்டினாள். குடை வந்தது, மஞ்சள் என்றாள். சொன்ன கையோடு அவளே பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

"இதுவரைக்கும் போதும் அப்பச்சா" என்றாள்.

இன்று காலையும் அப்படித்தான் கேட்டாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த கேசட்டை நீ சீக்கிரம் பேசி அனுப்பு. அதில் குடை மஞ்சள்தான் என்று சொல்லு. வேறு தேதி எதுவும் சொல்லாதே.

உன்,
மாத்துக்குட்டி